கம்போடியாவுக்கு மிஷன் பயணமா? கிணறு போடும் முன் படியுங்கள்

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளில் இரண்டு அறிவிப்புகளைக் கேட்கலாம். முதலில் பிரியாணி விற்பனை. அப்புறம், அந்தப் பணத்தில் ஊழியமும் சேவையும் செய்யக் கம்போடியா போகும் மிஷன் அணிக்கு ஆள் சேர்ப்பு. புறப்படும் அணிகளோடு உட்கார்ந்து பேசுவது சில காலமாக என் வேலையாகிவிட்டது. அவர்கள் கொண்டுவரும் திட்டத்தாள் பெரும்பாலும் நாங்கள் முன்பு எழுதியதன் நகல்போலவே இருக்கிறது, பிழைகள் உட்பட.

கொசுமருந்து, பாஸ்போர்ட், வீட்டுக்குள் செருப்பு, குழந்தைகளின் தலையைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அங்கும் கைகூப்பித்தான் வணக்கம் சொல்கிறார்கள், நமக்கு அது பழக வேண்டிய விஷயமும் இல்லை. எனவே நேரே முக்கியமானதற்கு வருகிறேன்.

தண்ணீரைச் சோதிக்காமல் கிணறு திறப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இது ஒன்றுதான்.

பினோம் பென்னைச் சுற்றியிருக்கும் காந்தால் மாகாணத்தில் மேக்கொங், பாசாக் ஆறுகளை ஒட்டிய கிராமங்களுக்கு நம் அணிகள் அடிக்கடி போகின்றன. தலைநகரிலிருந்து பக்கம், வேனில் போய்விடலாம். போனவர்கள் ஊரில் குளத்துத் தண்ணீரைப் பார்க்கிறார்கள், மனம் உருகுகிறது. ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, அடிபம்பு வைத்து, சபையின் பெயரைக் கருங்கல்லில் பொறித்துக் கிளம்பி வருகிறார்கள்.

அந்த நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இமயமலைப் பகுதியிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்த வண்டலில் இரும்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் கிடக்கிறது. மண்ணுக்கடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்க, ஆர்சனிக் தண்ணீரில் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கம்போடிய அரசு 50 வரை ஏற்கிறது. காந்தாலில் சில கிணறுகளில் 1000-க்கும் மேல் பதிவாகியிருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குடிப்பவருக்கு உடனே ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகு தோலில் புள்ளிகள் விழும், உள்ளங்கையும் பாதமும் தடிக்கும், புற்றுநோய் வரையில் போகும். அதற்குள் கிணறு வெட்டிய அணியில் பாதிப்பேர் சபையே மாறியிருப்பார்கள்.

அப்படி ஓர் அணி போட்ட கிணற்றை அடுத்த ஆண்டு பார்க்கப் போனேன். கல்வெட்டு பளபளவென்று இருந்தது. பம்பைச் சுற்றிச் சாணம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மொழிபெயர்ப்பாளர் மூலமாக, "தண்ணீர் நன்றாக வருகிறதா பாட்டி?" என்று கேட்டேன்.

"நன்றாக வருகிறது. மாட்டுக்கு இதுதான் கொடுக்கிறோம்."

தண்ணீரில் துருவாடை அடித்ததாம், சோறு வடித்தால் நிறம் மாறியதாம். அதனால் யாரும் குடிக்கவில்லை. பிறகு மாதிரி எடுத்துச் சோதித்தபோது கம்போடிய வரம்பையே அது தாண்டியிருந்தது. துருவாடை அந்த ஊருக்குச் செய்த உதவியை அணி செய்யவில்லை. இரும்புச்சுவை குறைவாக இருந்திருந்தால் பிள்ளைகள் அதைத்தான் குடித்து வளர்ந்திருப்பார்கள்.

இதை அந்த அணியின் தலைவரிடம் சொன்னபோது வந்த பதில்: "சரி, அடுத்த வருஷம் வேற இடத்துல போடலாம்." முதல் கிணற்றின் காணொளியைச் சபையில் காட்டியாயிற்று, ஆண்டறிக்கையிலும் ஏற்றியாயிற்று. அதில் யார் குறுக்கே கோடு போடுவது?

ஆர்சனிக் தெரியாதது இங்கே பெரிய குற்றமில்லை, எல்லோருக்கும் புவியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கெடுப்பது பயண அட்டவணை. திங்கள்கிழமை துளையிடுவது, வெள்ளிக்கிழமை பிரதிஷ்டை, சனிக்கிழமை விமானம். ஆயர் முதல் டம்ளர் தண்ணீரைக் குடிக்கும் படம் அந்த வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி முடிவு வரும்வரை காத்திருக்க அந்த அட்டவணையில் இடமே கிடையாது. ஊர்க்காரர்களும் தடுக்க மாட்டார்கள். வீடு தேடிக் கொண்டுவந்த பரிசை வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள், நீங்கள் போனதும் பழைய தண்ணீருக்குத் திரும்புவார்கள்.

செய்ய வேண்டியது கடினமில்லை. போர் போடும் முன் அக்கம்பக்கத்துக் கிணறுகளைச் சோதியுங்கள். கையடக்கச் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. தாள் பட்டை மஞ்சளாகிப் பழுப்பாகும் அளவை வைத்து ஏறக்குறைய எவ்வளவு என்று அங்கேயே பார்த்துவிடலாம். போட்ட பிறகு, பம்பு பொருத்தும் முன் ஆய்வகத்தில் இன்னொரு முறை சோதியுங்கள். முடிவு மோசமாக இருந்தால் மூடிவிடும் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். அந்த வரியைப் பட்ஜெட்டில் பார்த்தால் சபைக் கமிட்டி முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

அதைவிட, கிணறுதான் வேண்டும் என்று யார் சொன்னது? அந்த வீடுகளின் வாசலில் நம் ஊர் நெல்குதிர் மாதிரிப் பெரிய ஜாடிகள் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். கூரைத் தண்ணீரைத் தகரக்குழாய் வழியாகப் பிடித்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். மழைத்தண்ணீரில் ஆர்சனிக் இல்லை. ஏழை வீடுகளில் ஒரு ஜாடிதான் இருக்கும், வறட்சி மாதங்களுக்கு அது போதாது. இன்னும் இரண்டு ஜாடி, நல்ல மூடி, கிருமிக்கு உள்நாட்டிலேயே சுடும் மண்வடிகட்டி ஒன்று. உள்ளூர்க் கொத்தனாருக்கு வேலையும் கிடைக்கும். ஆனால் ஜாடியின் பக்கத்தில் ரிப்பன் வெட்ட யாருக்கும் ஆசை வருவதில்லை.

ஒரு நாள் மருத்துவ முகாம்

ரத்த அழுத்தம் பார்த்து, அதிகம் என்று சொல்லி, இரண்டு வார மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறார்கள். மூன்றாவது வாரம் அந்த அம்மா என்ன செய்வார்? "சிங்கப்பூர் டாக்டர்" மறுபடி வருவார் என்று காத்திருப்பார். பக்கத்திலேயே அரசு சுகாதார நிலையம் இருக்கும். ஏழைக் குடும்பம் என்று அரசு அட்டை வழங்கியிருந்தால் அங்கே இலவசமாகவே பார்ப்பார்கள். நம் அணி அந்த நிலையத்து மருத்துவச்சியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்காது.

அவர்களைக் கேட்டுத் திட்டமிடுங்கள், மாவட்ட அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள், நோயாளியின் தாளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மாத்திரையைவிட வாசிப்புக் கண்ணாடி கொடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். கொடுத்தபின் பின்தொடர்ந்து பார்க்க அதிகம் இருக்காது.

அநாதை இல்லம்

போகாதீர்கள். கம்போடிய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நால்வரில் மூவருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பதாக யூனிசெஃப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொன்னது. பார்க்க ஆள் வருவதால்தான் பல இல்லங்கள் நிரம்புகின்றன. 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின் அமெரிக்க பாப்டிஸ்டுகள் பத்துப் பேர் 33 குழந்தைகளை உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டிக் கூட்டிப்போக முயன்று கைதானார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள். நல்ல எண்ணம்தான் என்றார்கள். இருக்கலாம்.

தேதி

ஜூனில் நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வயல் வேலை. பகல் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று ஜெபக் குறிப்பில் எழுதாதீர்கள். சித்திரை முதல் நாளையொட்டிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அதே நாட்களில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு, ஊரே புத்தக் கோயிலில் இருக்கும்.

துண்டுப்பிரசுரம்

புத்த மதம் அரசு மதம். பிற மத நூல்களை அவரவர் வழிபாட்டு இடத்துக்குள் மட்டுமே கொடுக்கலாம். நீங்கள் தெருவில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள், அதிகாரிக்குப் பதில் சொல்வது உள்ளூர்ப் போதகர்.

பழைய துணி மூட்டை

கம்போடியா உலகத்துக்கே துணி தைத்து அனுப்பும் நாடு.

வசனம் அச்சிட்ட டி-ஷர்ட்

சாங்கி விமான நிலையத்தோடு சரி.