இரும்புச் சுரங்கக் கழிவு கலந்து, விரிசலை மூடிக்கொள்ளும் தார்க்கலவை செய்வது எப்படி?

தார்ச்சாலையில் விழும் மயிரிழை விரிசல் வெயில் காலத்தில் ஓரளவு தானாகவே மூடிக்கொள்ளும். தார் சூட்டில் இளகி, விரிசலின் இரு பக்கத்திலிருந்தும் கசிந்து நடுவில் கலந்துவிடும். ஆனால் அது மெதுவாக நடக்கிற வேலை. அதற்குள் வண்டிகள் ஓடி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, விரிசல் பள்ளமாகிவிடுகிறது. அந்தச் சூட்டை நாமே வெளியிலிருந்து கொடுத்து வேலையை விரைவாக முடிக்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஸ்லாங்கனின் குழு தாரோடு இரும்புக் கம்பளி இழைகளைக் கலந்து, மின்தூண்டல் மூலம், அதாவது மாறும் காந்தப்புலத்தால், சூடேற்றியது. 2010-ல் ஃப்ளிசிங்கன் அருகே ஏ58 நெடுஞ்சாலையில் அந்தக் கலவை போடப்பட்டது. நல்ல முறைதான். ஆனால் இழைகள் கலக்கும்போது பந்து பந்தாகத் திரண்டுகொள்கின்றன, துருவும் பிடிக்கலாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் வேறு ஒரு பொருள் மலைமலையாகக் கிடக்கிறது. அங்கே மெசாபி பகுதியில் டாகோனைட் என்ற பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்புத்தாதுவைப் பிரிக்கிறார்கள். ஒரு டன் இரும்பு உருண்டை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு டன் கழிவு மிஞ்சும். அந்தக் கழிவில் பருமனான பகுதியை 1960-களிலிருந்தே அங்குள்ள சாலைகளில் மணலுக்குப் பதிலாகப் போட்டுவருகிறார்கள். டாகோனைட்டில் உள்ள மேக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தாது மைக்ரோவேவை நன்றாக உறிஞ்சிச் சூடாகும். அதை வைத்துப் பனி உருக்கலாம், குழி அடைக்கலாம் என்று ஹாப்ஸ்டாக், ஸாங்கோ என்ற இரு மினசோட்டா ஆய்வாளர்கள் 2005-ல் விரிவாக எழுதினார்கள்.

கல்லூரி சிவில் ஆய்வகத்தில் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். வீட்டு அடுப்பங்கரையில் வேண்டாம், 160 டிகிரி தார் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு உரியும்.

முதலில் கழிவைச் சோதியுங்கள்

இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். எல்லா இரும்புச் சுரங்கக் கழிவும் உதவாது. பெல்லாரி, கோவா பக்கத்துத் தாது பெரும்பாலும் ஹேமடைட் என்ற வேறு வகை, அது மைக்ரோவேவில் பெரிதாகச் சூடேறாது. மேக்னடைட் சுரங்கக் கழிவு என்றாலும் கவனம் தேவை, ஏனென்றால் ஆலையே காந்தம் வைத்து நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொட்டுகிறது. தப்பிப்போனது எவ்வளவு என்பதுதான் நமக்குக் கேள்வி. ஒரு கைப்பிடியைத் தாளில் பரப்பி, பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். கணிசமாக ஒட்டினால் மேலே போகலாம்.

அப்புறம் மைக்ரோவேவ் சோதனை. கழிவையும் சாதாரண எம்-சாண்டையும் 110 டிகிரி உலர்த்தும் அடுப்பில் ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள். இதில் சோம்பல் கூடாது. தண்ணீரும் மைக்ரோவேவில் சூடாகும் என்பதால், ஈரக் கழிவு நல்ல கழிவுபோல உங்களை ஏமாற்றிவிடும். இரண்டும் ஆறிய பிறகு நூறு நூறு கிராம் பீங்கான் கிண்ணத்தில் எடுத்து, தனித்தனியாக மைக்ரோவேவ் அடுப்பில் 30 வினாடி வைத்து, அகச்சிவப்பு வெப்பமானியால் அளவெடுங்கள். எம்-சாண்டைவிட வெப்ப உயர்வு இரண்டு மடங்காவது இல்லையென்றால் அந்தக் கழிவில் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. கொஞ்சம் குறைகிறது என்றால் மேக்னடைட் பொடி சிறிது சேர்த்துச் சரிக்கட்டலாம்.

இந்த வேலைக்கு எடுத்த மைக்ரோவேவ் அடுப்பில் மறுபடி சோறு சூடாக்கக் கூடாது. தூசி விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள். மினசோட்டாவின் சில்வர் பே ஊரில் ரிசர்வ் மைனிங் நிறுவனம் 1980 வரை டாகோனைட் கழிவை சுப்பீரியர் ஏரியில் கொட்டியது. 1973-ல் டுலூத் நகரக் குடிநீரில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போன்ற இழைகள் தென்பட்டதாகத் தெரியவந்து, வழக்கு பல ஆண்டு நடந்தது. எல்லாக் கழிவிலும் இழை இருக்காது, ஆனால் படிகக்கல் (சிலிக்கா) தூசி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். என்95 முகமூடி போட்டு, சலிக்கும் வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஆர்சனிக், ஈயம் போன்றவை கசிகின்றனவா என்ற சோதனையும் சாலைக்குக் கொண்டுபோகும் முன் கட்டாயம் தேவை.

கலவைக் கணக்கு

4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவதை மட்டும் எடுங்கள். 75 மைக்ரானுக்குக் கீழே உள்ள மாவை நீக்கிவிடுங்கள், அது தாரை அதிகம் குடிக்கும்.

கழிவை எடைக்கு எடை மாற்றாதீர்கள், கன அளவுக்குக் கன அளவு மாற்றுங்கள். மேக்னடைட்டின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண்) 5.2, சாதாரணக் கல்லுக்கு 2.65 அளவில் இருக்கும். எடைக்கு எடை போட்டால் கல்லின் கன அளவு குறைந்து, தார் அதிகமாகிவிடும். அளவுக்குழாயில் தண்ணீர் வைத்து 310 கிராம் கழிவைப் போடும்போது மட்டம் 100 மில்லி உயர்ந்தால் ஒப்படர்த்தி 3.1. எம்-சாண்டுக்கு 2.65 என்று வைத்துக்கொண்டால், 240 கிராம் எம்-சாண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 281 கிராம் கழிவு போட வேண்டும்.

சிமெண்ட் ஆய்வகத்தில் இருக்கும் 40க்கு 40க்கு 160 மில்லிமீட்டர் அச்சு இதற்குப் போதும். இந்த அச்சில் வார்க்கும் சிறு கட்டைகளை உத்தரம் என்போம். இரண்டு உத்தரங்களுக்கு 1.2 கிலோ எம்-சாண்டும் விஜி-30 என்ற தரத்துச் சாலைத் தார் 96 கிராமும் எடுங்கள். இது கழிவில்லாத கலவை. இன்னொரு தொகுதியில் மேலே சொன்னபடி 240 கிராமை மட்டும் மாற்றுங்கள். கழிவில்லாத ஜோடி இல்லாமல் வரும் முடிவுக்கு மதிப்பே கிடையாது, ஏனென்றால் சாதாரணத் தாரும் சூட்டில் கொஞ்சம் ஒட்டும்.

கல்லையும் (எம்-சாண்ட், கழிவு) தாரையும் தனித்தனியாக 160 டிகிரிக்குக் கொண்டுவந்து, எல்லாத் துகளும் கறுப்பாகும்வரை கலக்குங்கள். திறந்த தீயில் சூடாக்காதீர்கள். சூடான தாரில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக்கூடாது, பொங்கித் தெறிக்கும். எண்ணெய் தடவிய அச்சில் இரண்டு அடுக்காக இடித்து நிரப்பி, ஒரு நாள் ஆறவிடுங்கள். பிறகு அடிப்பக்கத்தின் நடுவில் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு கீறல் போடுங்கள். உடைவது அங்கே தொடங்கும்.

உடைத்து, ஒட்டி, மறுபடி உடைத்தல்

உத்தரங்களை மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஓர் இரவு வையுங்கள். அறைச் சூட்டில் வளைத்தால் தார் இழுபட்டுக்கொண்டே போகும், சுத்தமான முறிவு கிடைக்காது. எடுத்தவுடன் மூன்று புள்ளி வளைவுச் சோதனை (கீறல் கீழே இருக்க, இரு முனையையும் தாங்கி நடுவில் அழுத்துவது) செய்து, முறியும் சுமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டு பாதிகளையும் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, படிந்திருக்கும் பனி ஈரம் முழுக்க உலரும்வரை பொறுத்திருங்கள். ஈரம் இங்கேயும் கணக்கைக் கெடுக்கும். துகள் உதிராமல் பாதிகளைப் பொருத்தி, சிலிகான் தட்டில் வைத்துப் பருத்திக் கயிற்றால் கட்டுங்கள். இரும்பு அச்சோடு மைக்ரோவேவில் வைக்கவே கூடாது, தீப்பொறி பறக்கும்.

பத்துப் பத்து வினாடியாகச் சூடேற்றி, ஒவ்வொரு முறையும் மேற்பரப்பை அளவெடுங்கள். 70, 80 டிகிரி வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் தார் அடியில் வடிந்து உத்தரம் தொய்ந்துவிடும். இன்னும் சூடானால் புகை வரும், தாரும் முதுமையடைந்து விறைக்கும். கழிவில்லாத உத்தரத்தையும் அதே மொத்த வினாடிகளுக்கு வையுங்கள், அதே வெப்பநிலை வரும்வரை அல்ல. ஒரே அளவு மின்சாரத்தில் எது நன்றாக ஒட்டுகிறது என்பதைத்தான் பார்க்கிறோம்.

ஒரு நாள் ஆறவிட்டு, மறுபடி உறையவைத்து, மறுபடி உடையுங்கள். இரண்டாவது சுமையை முதல் சுமையால் வகுத்தால் கிடைப்பது குணமான விகிதம். எடுத்துக்காட்டாக, முதலில் 1,500 நியூட்டனில் முறிந்தது ஒட்டிய பின் 750-ல் முறிந்தால் 50 சதவீதம். முழுதாக நூறு வரவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். இங்கே நாம் துண்டை இரண்டாகவே உடைத்துவிட்டோம், சாலையில் இந்த வைத்தியம் மயிரிழை விரிசல் நிலையிலேயே நடக்க வேண்டியது.

முடிந்தால் அதே துண்டுகளை மூன்று நான்கு சுற்று ஒட்டி உடைத்துப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று விகிதம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் கழிவு உள்ளதுக்கும் இல்லாததுக்கும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். ஒரு சாலையை அதன் ஆயுளில் எத்தனை முறை இப்படிச் சூடேற்றிக் காப்பாற்றலாம் என்ற கேள்விக்கு அந்த வரைபடம்தான் பதில் சொல்லத் தொடங்கும்.