கூலிங் கிளாஸ் போட்ட ஒற்றன்

போன சித்திரையில் நண்பர்கள் சேர்ந்து ஓர் உளவாளிக் குறும்படம் எடுத்தோம். தர்மபுரி பேருந்து நிலையத்தில் ஒருவரை ரகசியமாகப் பின்தொடரும் காட்சி. கொளுத்தும் வெயிலில் ஹீரோ கறுப்புக் கோட்டும் கூலிங் கிளாஸுமாக வந்து நின்றான். "எந்தக் கல்யாணத்துக்குப்பா பேண்டு வாசிக்கப் போறீங்க?" என்றார் நுங்கு விற்றவர். அன்றைய ஷூட்டிங் அதோடு படுத்தது.

பார்த்ததுமே உளவாளி என்று தெரிவதுதான் முதல் தவறு. யாரும் சந்தேகப்படாத உருவம் வேண்டும் என்று ஒற்றாடல் அதிகாரத்திலேயே வள்ளுவர் சொல்லிவிட்டார். ஜேம்ஸ்பாண்ட் அப்படியா வருகிறார் என்று கேட்பீர்கள். அங்கே ஸ்டைலைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுக்கிறோம், அது வேறு கணக்கு.

அடுத்தது, கடைசித் திருப்பத்துக்காக எல்லாவற்றையும் பார்வையாளரிடம் மறைப்பது. எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே இரண்டு முகத்திலும் ஒன்றும் தெரியாது. சும்மா பார்த்தால் அது வேடிக்கை, அவ்வளவுதான். விற்கிறவர் நாளைக்குள் கடனை அடைத்தாக வேண்டும், அது தரகருக்குத் தெரியாது என்று நமக்கு மட்டும் முன்பே சொல்லிவிட்டால்? துண்டு அசையும்போதெல்லாம் நமக்கு வியர்க்கும். நாங்களோ கதையில் வில்லன் யார் என்பதைக்கூடக் கடைசி நிமிடம் வரை பூட்டி வைத்திருந்தோம். பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

பத்து விநாடி கீபோர்டைத் தட்டியதும் ரகசியம் உடைவதும் அப்படித்தான். 1953இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பேப்பர் போடும் பையன் கையிலிருந்து விழுந்த ஐந்து சென்ட் காசு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே குட்டி ஃபிலிமில் வரிசை வரிசையாக எண்கள். நாலு வருடம் யாராலும் படிக்க முடியவில்லை. 1957இல் சோவியத் உளவாளி ஒருவர் அமெரிக்கப் பக்கம் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பூட்டைத் திறந்தது ஓர் ஆள். அவர் ஏன் வந்தார் என்பதில்தான் படம் இருக்கிறது.

எங்கள் கதையில் நாலு உளவாளிகள் ஒரே டெம்போவில் உட்கார்ந்து முழுத் திட்டத்தையும் ஒப்பித்தார்கள். ஒற்றரை ஒற்றர் அறியக்கூடாது, மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்பதும் வள்ளுவர் கணக்குதான். மூன்றில் ஒன்று ஒத்துப்போகாவிட்டால் கதை தானாக ஓடும்.

அப்புறம் வசனம். நம் தகடூர் அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசிப் பளபளக்கின்றன என்றார். அதியமானுடையவையோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். கேட்டால் புகழ்ச்சி, யோசித்தால் மிரட்டல். எங்கள் வில்லன் "உன்னை அழிப்பேன்" என்று மூன்று முறை கத்தினான்.

ஆடியில் மறுபடி எடுத்தோம். ஹீரோவுக்கு வெளுத்த சட்டை, தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை. பென்னாகரம் பஸ்ஸுக்கு முண்டியடித்த கூட்டத்தில் கேமராக்காரனே அவனைத் தவறவிட்டுவிட்டான்.