கீமோ ஒத்துக்கலையா, "இனிமே போக மாட்டேன்"னு தோணுதா? விடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணிப் பாருங்க

அம்மாவுக்கு மார்பகத்துல கேன்சர், 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ. சிவப்பு மருந்துன்னு சொல்வாங்களே, டாக்சோரூபிசின், அதுவும் கூட இன்னொரு மருந்தும். ரெண்டாவது சைக்கிள், அதாவது ரெண்டாவது தடவை கீமோ, முடிஞ்சு நாலு நாள் ஒரு வாய் கஞ்சி வயித்துல தங்கல, அஞ்சாவது நாள் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு "என்னை விட்டுரு கண்ணு, இனிமே அங்க வரல"ன்னுட்டாங்க. நாங்க ஆளாளுக்கு தைரியம் சொன்னோம், இப்ப நினைச்சா அவ்ளோ வருத்தமா இருக்கு, அவங்களுக்கு முதல்ல வாந்தி நிக்கணும், அதை யாருமே யோசிக்கல.

ஒரு சின்ன நோட்டு போடுங்க. எத்தனை தடவை வாந்தி, மாத்திரை எத்தனை மணிக்கு, எவ்ளோ தண்ணி குடிச்சாங்க, மோஷன் போனாங்களா, ஜுரம் எவ்ளோ, தினமும் எழுதுங்க. "ரொம்ப கஷ்டப்படுறாங்க டாக்டர்"னு சொன்னா அவருக்கு ஒண்ணும் புரியாது. எங்க நோட்டுல "3ம் நாள், 8 மணிக்கு வாந்தி, 8.20க்கு மாத்திரை, திரும்ப வாந்தி"ன்னு இருந்ததைப் பாத்துட்டுதான் டாக்டர் கேட்டாரு, வந்தப்புறமா மாத்திரை குடுக்கறீங்கன்னு. ஆமா, மாத்திரையை மிச்சம் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். வாந்தி மாத்திரையை வாந்தி வர்றதுக்கு முன்னாடியே, சொன்ன நேரத்துக்குப் போடணும். அடுத்த சைக்கிளுக்கு அப்ரிபிட்டன்ட்னு இன்னொரு வாந்தி மருந்து சேத்தாரு, ராத்திரிக்கு ஓலன்சபின் குறைஞ்ச டோஸ்ல குடுத்தாரு. ஓலன்சபின்னு தேடினா மனநோய் மாத்திரைன்னு வரும், பதறாதீங்க, கீமோ வாந்திக்கும் குடுக்கறதுதான், தூக்கம் வரும். ஒன்டான்செட்ரான்னு வாந்தி மாத்திரை போட்டா மலச்சிக்கல் வரலாம், கூச்சப்படாம அதுக்கும் மருந்து கேளுங்க.

சாப்பாட்டுல எங்களுக்கு எமனா இருந்தது தாளிக்கிற வாசனை. அந்த ஒரு வாரம் அவங்க ரூம் கதவை சாத்திட்டுதான் சமைச்சோம், சூடா எதுவும் குடுக்கல, ஆறின இட்லி, உப்பு போட்ட கஞ்சி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலு வாய். வாயெல்லாம் இரும்பு மாதிரி இருக்குன்னா எவர்சில்வர் ஸ்பூனை விட்டுட்டு பிளாஸ்டிக் ஸ்பூன் குடுங்க. வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதுல பாதி உப்பு, கலக்கி அடிக்கடி கொப்பளிச்சு துப்பணும், காரம் வேண்டாம்.

இது ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. கீமோ போட்ட 7லேர்ந்து 14 நாளுக்குள்ள ரத்தத்துல நோயை எதிர்க்கிற வெள்ளை அணு ரொம்ப இறங்கும், அப்ப கிருமி தொத்தினா ஆபத்து. தெர்மாமீட்டர்ல 100.4 காட்டினா பாராசிட்டமால் போட்டு காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, நடுராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்குப் போயி கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சுன்னு முதல்ல சொல்லுங்க. ஜுரமே இல்லாம குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான்.

விரல் மரத்துப் போய் ஜாக்கெட் கொக்கி போட முடியலைன்னா சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க, சில மருந்துல அந்த மரத்துப் போறது சரியாகாம அப்படியே தங்கிடலாம், முன்னாடியே சொன்னா டோஸைக் குறைப்பாங்க.

இப்ப பயம். ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்பிரிட் வாசனை அடிச்சதுமே அம்மாவுக்கு குமட்டும், ஊசியே போட்டிருக்க மாட்டாங்க. அது நடிப்பு இல்லைங்க, உடம்பு ஞாபகம் வச்சுக்குது, அதுக்கும் முதல் நாள் ராத்திரி போட மாத்திரை இருக்கு, கேட்டாதான் குடுப்பாங்க. சொல்லாம கொள்ளாம நிறுத்திடறதுக்கு முன்னாடி நேரா உக்காந்து கேளுங்க: டோஸ் குறைக்கலாமா, ஒரு வாரம் தள்ளலாமா, வேற மருந்து இருக்கா, இது குணமாக்கவா இல்ல கட்டுப்படுத்தவா, நிறுத்தினா என்ன ஆகும். பதிலைக் கேட்டுட்டு அவங்க வேண்டாம்னு முடிவெடுத்தா அது அவங்க உரிமை, அப்பவும் வலி வாந்திக்கு வைத்தியம் நிக்கக் கூடாது. யாரோ சொன்னாங்கன்னு நாட்டு மருந்தை டாக்டருக்குத் தெரியாம நடுவுல சேக்காதீங்க, கீமோ மருந்தோட மோதலாம்.

மூணாவது சைக்கிளுக்கு அம்மா வந்தாங்க. கார்ல எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்தாங்க, டாக்டர் ரூமுக்குள்ள போனதும் என் கைல இருந்த நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "முதல் நாள்லேர்ந்து சொல்றேன், கேளுங்க"ன்னு அவங்களே படிக்க ஆரம்பிச்சாங்க.