ஹை-ஃபை ரேக்கும் அதிர்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹை-ஃபை ஒலிக்கருவிகளை அடுக்கி வைக்க ரேக் வாங்குவோர் பெரும்பாலும் செய்யும் தவறு, எல்லாக் கருவிகளுக்கும் ஒரே அளவு அதிர்வுத் தடுப்பு தேவை என்று எண்ணுவதாகும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை வீட்டில் எழும் சாதாரண அதிர்வு பாதிப்பதில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓரளவு பாதிக்கலாம். டர்ன்டேபிளின் ஊசியோ இசைத்தட்டின் பள்ளத்தில் மைக்ரோமீட்டர் அளவிலான அசைவுகளைப் படிப்பது. தரையிலிருந்து ஏறிவரும் நடுக்கத்தையும் அது இசையோடு சேர்த்தே படித்துவிடும். ஆகவே பணமும் கவனமும் முதலில் டர்ன்டேபிள் நிற்கும் தட்டுக்கே செல்ல வேண்டும்.

கருவியின் அடியில் வைக்கும் மென்மையான பாதம் எதுவாயினும் அதிர்வைக் குறைக்கும் என்ற நம்பிக்கைதான் அதிகக் கெடுதல் செய்கிறது. ரப்பரோ ஸ்பிரிங்கோ, தன்மேல் ஏறும் எடையைப் பொறுத்து ஓர் இயல் அதிர்வெண்ணை, அதாவது அசைத்துவிட்டால் அது தானாக ஆடும் வேகத்தை, பெறுகிறது. அந்த எண்ணைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளை மட்டுமே அது குறைக்கும், அந்த எண்ணை ஒட்டி வரும் அதிர்வுகளைப் பெருக்கிவிடும். எடை ஏறியதும் ஸ்பிரிங் 1 சென்டிமீட்டர் அமுங்கினால் இயல் அதிர்வெண் சுமார் 5 ஹெர்ட்ஸ், 2.5 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினால் 10 ஹெர்ட்ஸ். டோன்ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) கார்ட்ரிட்ஜும் (ஊசி பொருத்திய சிறு பகுதி) சேர்ந்து பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் ஒத்ததிர்வதால், 10 ஹெர்ட்ஸில் ஆடும் பாதம் சரியாக அந்த இடத்தில்தான் தீங்கு செய்யும். தாங்கும் எடை குறிப்பிடப்படாத பாதங்களை வாங்காதீர்கள். டர்ன்டேபிளின் எடை நான்கு மூலைகளிலும் சமமாக இறங்குவதில்லை என்பதால், பாதங்களைப் பொருத்தியபின் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் அவசியம்.

1961-இல் வெளிவந்த ஏஆர் டர்ன்டேபிளையும் 1970-களின் தொடக்கத்தில் வந்த லின் சோன்டெக் எல்பி12-ஐயும் போல, உள்ளேயே ஸ்பிரிங்கில் மிதக்கும் சட்டம் கொண்டவற்றின் அடியில் மீண்டும் மென்பாதம் வைத்தால், இரு ஸ்பிரிங் அமைப்புகளும் ஒன்றையொன்று ஆட்டத் தொடங்கலாம். அவற்றுக்கு விறைப்பான, எடை குறைந்த தட்டே பொருந்தும்.

ரேக்கின் அடியில் பொருத்தும் கூர்முனை ஸ்பைக்குகள் அதிர்வைத் தடுப்பவை அல்ல. ரேக்கைத் தரையோடு இறுக்கிப் பிணைப்பவை. கான்கிரீட் தரையில் இது நன்மையே. நடந்தால் துள்ளும் மரத்தளத்திலோ காலடி நடுக்கம் நேரே மேலேறும். அங்கே கல் அல்லது செங்கல் சுவரில் பொருத்திய தட்டுதான் நல்ல தீர்வு, உள்ளீடற்ற தடுப்புச் சுவர் உதவாது. ஆம்ப்ளிஃபையரின் மேலே காற்றுக்கு இடம் விடாமல் தட்டுகளை நெருக்கி அடுக்குவதும் தவறே.

எதையும் வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். மோட்டாரை நிறுத்தி, அசையாத இசைத்தட்டின்மேல் ஊசியை இறக்கி, ஒலியளவை மெல்ல ஏற்றியபடி ரேக்கின் தட்டை விரல்முட்டியால் லேசாகத் தட்டுங்கள். ‘டக்’ என்று ஒலித்து உடனே அடங்கினால் தட்டில் குறையில்லை; ஒலி நீண்டு ரீங்கரித்தால் தட்டே அதிர்கிறது. யாரேனும் அருகில் நடக்கும்போது வூஃபர் (தாழொலி ஸ்பீக்கர்) கூம்பு முன்னும் பின்னும் அசைந்தால் குறை தரைவழி வருகிறது. தட்டாமலேயே ஊளைச் சத்தம் எழுந்தால் ஒலியளவை உடனே குறையுங்கள். அங்கே இடம் மாற்ற வேண்டியவை, பெரும்பாலும் டர்ன்டேபிள் உள்ள அதே மேசையில் வைக்கப்பட்ட ஸ்பீக்கர்கள்.