ஹெட் பேக்கிங்கும் ஆயில் சீலும்: மாட்டறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துக்கங்க

நாமக்கல் லாரியோ, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியோ, தோட்டத்துல ஓடற ஆயில் இன்ஜினோ, வேலை முடிச்ச கொஞ்ச நாள்லயே ஆயில் கசிஞ்சா எல்லாரும் மொதல்ல பேக்கிங்கைத்தான் (இன்ஜின் பிளாக்குக்கும் அது மேல மூடற ஹெட்டுக்கும் நடுவுல வைக்கற தகடு) திட்டறாங்க. பெரும்பாலும் அது மேல தப்பு இருக்காதுங்க, அது உக்கார்ற எடந்தான் சுத்தமா இருக்காது.

அலுமினிய ஹெட்டுன்னா ஹேக்ஸா பிளேடு, ஸ்க்ரூ டிரைவரெல்லாம் கிட்டயே கொண்டு போகாதீங்க, ஒரு கோடு விழுந்தாலும் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) அது வழியாத்தான் போகும். பழைய பேக்கிங்கை தின்னர்ல ஊற வெச்சு பிளாஸ்டிக் துண்டுல நிதானமா எடுங்க. அப்பறம் ஸ்ட்ரெயிட் எட்ஜை (நேரான இரும்புப் பட்டை) நீளவாக்கு, அகலவாக்கு, மூலைக்கு மூலை வெச்சு அடியில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசுத் தகடு) நுழையுதான்னு பாக்கணும். நெறைய இன்ஜினுக்கு 0.05லருந்து 0.10 மி.மீ. வரைக்கும்தான் தாங்கும், உங்க இன்ஜினுக்கு எவ்ளோன்னு மேனுவல்லயே இருக்கும், அதுக்கு மேல போனா ஹெட்டை ஃபேசிங் பண்ணி, அதாவது மிஷின்ல சீவி மட்டமாக்கித்தான் ஆகணும்.

நெறைய பேரு கோட்டை விடறது பிளாக்குல இருக்கற போல்ட் ஓட்டைங்க. அடி மூடின ஓட்டையில ஆயிலோ தண்ணியோ தேங்கி நின்னா போல்ட் எறங்கறப்ப அது போக வழியில்லாம பிளாக்கே விரிசல் விட்ரும், டார்க்கும் (போல்ட்டை இறுக்கற அளவு) பொய்யா காட்டும், அதனால ஏர் அடிச்சு காய வெச்சுட்டுதான் போல்ட்டைத் தொடணும். டைட் வைக்கறது நடுவுலருந்து வெளிய, மேனுவல் சொல்ற வரிசையில, ரெண்டு மூணு தடவையா.

ஆயில் சீலுக்கு வருவோம், சுத்தற ஷாஃப்ட்டைச் சுத்தி ஆயில் வெளிய வராம தடுக்கற ரப்பர் வளையம் அது. சீலைத் திருப்பிப் பாத்தா ஒரு பக்கம் உதட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு ஸ்பிரிங் தெரியும், அந்தப் பக்கந்தான் ஆயிலைப் பாத்து இருக்கணும். ஷாஃப்ட்டுல சீல் ஓடற எடத்துல குறுக்கால நகத்தை வெச்சு இழுங்க, நகம் மாட்டுச்சுன்னா பள்ளம் விழுந்துருச்சு, எவ்ளோ நல்ல சீல் போட்டாலும் நிக்காதுங்க, அந்தப் பள்ளத்து மேல ஸ்லீவ் (மெல்லிசு உறை) போடணும். ஷாஃப்ட்டுல கீவே (சாவி உக்கார்ற காடி) இருந்தா அது உதட்டைக் கிழிக்காம டேப் சுத்தி, உதட்டுல ஆயில் தடவி, வெளிவட்டத்துக்கு சரியான பைப் ஒண்ணை வெச்சு நேரா எறக்குங்க. ஒரு ஓரமா சுத்தியல்ல தட்டுனா கோணிக்கும். கடைக்குப் போறப்ப பழைய சீலையும் கொண்டு போங்க, 35-52-7ன்னு போட்டிருந்தா ஷாஃப்ட், வெளிவட்டம், தடிமன் மி.மீ.ல, அம்புட்டுந்தான்.

அனபாண்டை (டியூப்ல வர்ற சீலன்ட் பசை) ஹெட் பேக்கிங்ல அப்பறது நம்மூர்ல ஒரு வியாதிங்க! சம்ப்புக்கு (இன்ஜின் அடியில ஆயில் நிக்கற தொட்டி) போட்டாலும் 3 மி.மீ. கோடு போதும், போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா வரட்டும். அள்ளி அப்புனா உள்ள பிதுங்கி விழுந்து ஆயில் வடிகட்டற ஸ்ட்ரெய்னரை அடைச்சுக்கும், ஆயில் பிரஷர் போச்சுன்னா பேரிங்கும் சேந்து போயிரும்.

இத்தனையும் பண்ணியும் ஒழுகுதுன்னா இன்ஜின் உள்ள சேர்ற காத்தை வெளிய விடற பிரீதர் பைப்பைக் கழட்டி ஊதிப் பாருங்க, அடைச்சிருந்துச்சுன்னா உள்ள பிரஷர் ஏறி எந்த சீலா இருந்தாலும் ஆயிலை வெளிய தள்ளிரும்.