புதன் கோளின் மண்ணை ஆய்வகத்தில் அளக்க: பொடியிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் நேராகப் போய் நிற்பது நிறமாலைமானி (ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) முன்னால்தான். நான் அவர்களைச் சல்லடை அடுக்கின் பக்கம் திருப்பிவிடுவேன். கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிடும்; தகராறெல்லாம் பொடியில். ஒரே கல்லை இரண்டு பேர் இரண்டு விதமாக அரைத்தால், வெவ்வேறு கனிமங்களோ என்று நினைக்க வைக்கும் இரண்டு நிறமாலைகள் கிடைக்கும். ஆகவே இந்தக் குறிப்பில் பெரும்பகுதி அரைப்பதையும் சலிப்பதையும் பற்றியது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எதைச் செய்யப் போகிறோம்? புதனிலிருந்து ஒரு பிடி மண்கூட நம் கைக்கு வந்ததில்லை. அங்கிருந்து விழுந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட விண்கல்லும் கிடையாது. இருப்பது மெசஞ்சர் விண்கலம் 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றி அனுப்பிய தகவல்தான். அதன்படி இரும்பு எடையில் சுமார் 2 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு, மக்னீசியம் நிறைய, கந்தகம் 4 சதவீதம் வரை. தரை கறுத்திருப்பதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது கிராஃபைட். எக்ஸ்ரே, காமா கதிர்க் கருவிகள் எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும். அது எந்தக் கனிமத்துக்குள் அடைந்து கிடக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு அகச்சிவப்பு வேண்டும். 2018-ல் புதனை நோக்கிக் கிளம்பிய பெப்பிகொலம்போ விண்கலத்தில் இருக்கும் மெர்டிஸ் என்னும் அகச்சிவப்புக் கருவி 7 முதல் 14 மைக்ரான் அலைநீளம் வரை பார்க்கக்கூடியது. அது காட்டும் நிறமாலையோடு ஒப்பிட, இங்கே புதன் தரையின் சூட்டிலேயே அளந்து வைத்த நிறமாலைகள் தேவை.

தேவைப்படும் கனிமங்கள் இவை: என்ஸ்டடைட், ஃபார்ஸ்டரைட் (ஒலிவினின் மக்னீசிய வகை), சோடியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ் (ஒரு ஃபெல்ட்ஸ்பார்), கால்சியம் சல்ஃபைடு, மக்னீசியம் சல்ஃபைடு, கிராஃபைட். புட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். எது வந்தாலும் முதலில் எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனைக்கு (படிக அமைப்பைப் பார்த்து எந்தக் கனிமம் என்று சொல்வது) கொடுங்கள். இயற்கையில் கிடைக்கும் ஒலிவினில் பெரும்பாலும் பத்து சதவீத அளவுக்கு இரும்புப் பங்கு இருக்கும். 1 மைக்ரானுக்குப் பக்கத்தில் அது ஒரு பெரிய பள்ளத்தைக் காட்டும். புதனின் நிறமாலையில் அந்தப் பள்ளம் தெரிவதில்லை. உலையில் தயாரித்த, இரும்பில்லாத ஃபார்ஸ்டரைட் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அரைப்பு. இரும்பு உரலை ஓரமாக வைத்துவிடுங்கள். அதிலிருந்து உதிரும் உலோகத் துகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பொடியைக் கறுக்க வைக்கும். காந்தத்தால் எடுத்தாலும் நுண்ணியது தங்கிவிடும். அகேட் என்னும் கடினக் கல்லால் ஆன உரல் போதும். ஒவ்வொரு கனிமத்துக்குப் பிறகும் சுத்தமான குவார்ட்ஸ் மணலைப் போட்டு ஒரு சுற்று அரைத்து, கொட்டி, எத்தனாலில் துடைத்துக் காய வையுங்கள். சல்ஃபைடுக்கென்று தனி உரல். இதில் சமரசம் வேண்டாம். அரைக்கும்போது கொஞ்சம் அரைப்பது, சலிப்பது, சல்லடையில் தங்கியதை மட்டும் திரும்ப அரைப்பது என்று போங்கள். ஒரே மூச்சில் அரைத்தால் எல்லாம் மாவாகிவிடும். கரடுமுரடான அளவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

நான் பிரிக்கும் அளவுகள்: 25 மைக்ரானுக்குக் கீழ், 25–63, 63–125, 125–250. சல்லடை ஆட்டும் எந்திரத்தில் வைத்துவிட்டுப் போனால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், 125–250 அளவுப் பொடியைக் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெரிய துகளின் மேலும் வெள்ளைத் தூசு அப்பிக்கொண்டிருக்கும். ஃபார்ஸ்டரைட்டின் முகங்கள் கண்ணாடி மாதிரித் தெரிய வேண்டிய இடத்தில் மங்கலான ஒரு போர்வை. நிலைமின்சாரத்தால் ஒட்டியது அது; எவ்வளவு நேரம் ஆட்டினாலும் போகாது. அளக்கும்போது அகச்சிவப்புக் கதிர் முதலில் சந்திப்பது இந்தத் தூசைத்தான். பெரிய துகளை அளந்ததாக நாம் எழுதி வைப்போம், உண்மையில் தூசுதான் பதிவாகியிருக்கும். ஆகவே சிலிகேட்டுகளை (பட்டியலின் முதல் மூன்று கனிமங்கள்) சல்லடையிலேயே வைத்து எத்தனால் ஊற்றிக் கழுவுங்கள், கீழே வடியும் திரவம் கலங்கல் இல்லாமல் தெளிவாக வரும்வரை. அப்புறம் திரும்ப நுண்ணோக்கியில் பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் அந்தப் படம்தான் பேசும்.

சல்ஃபைடுகளை இப்படிக் கழுவக் கூடாது. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே கால்சியம் சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். மக்னீசியம் சல்ஃபைடு இன்னும் மோசம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: பொடி கெட ஆரம்பித்துவிட்டது, நீங்களும் அங்கே நிற்கக் கூடாது. அளவு கூடினால் அந்த வாயு மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றதால் ஆபத்து நீங்கியது என்று அர்த்தமில்லை. அரைப்பது, சலிப்பது, கிண்ணத்தில் நிரப்புவது எல்லாம் உலர்ந்த நைட்ரஜனோ ஆர்கானோ நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள். சிலிகேட்டுகளையும் அளப்பதற்கு முன் ஓவனில் காய வைத்து, டெசிகேட்டரில் (உள்ளே ஈரம் சேராத மூடிய கலம்) ஆற விடுங்கள். துகள் மேல் ஒட்டிய நீர் 3 மைக்ரானிலும் 6 மைக்ரான் பக்கத்திலும் வந்து நிற்கும்.

கலவை செய்யும்போது எடை விகிதத்தை மட்டுமல்ல, துகள் அளவையும் ஒன்றாக வையுங்கள். கிராஃபைட்டைக் கடைசியில், மிகக் கொஞ்சமாகச் சேருங்கள். ஒன்றிரண்டு சதவீதமே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கலவையைக் கறுப்பாக்கிவிடும். அது துகள்கள் மேல் பூசிக்கொள்வதால், எவ்வளவு நேரம் கலக்கினீர்கள் என்பதும் முடிவை மாற்றும். அந்த நேரத்தையும் எழுதுங்கள்.

இனி அளவீடு. சூடாக்கும் முன் அறை வெப்பத்தில் எதிரொளிப்பு நிறமாலை ஒன்று எடுத்துவிடுங்கள். அகச்சிவப்புக்குத் தங்கப் பூச்சு உள்ள தரத்தட்டை ஒப்பீடாக வைப்பது வழக்கம். டிடெக்டருக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றியவுடன் அளக்கத் தொடங்காமல், சமிக்ஞை நிலைபெறும்வரை காத்திருங்கள். கருவியின் உட்பகுதியை உலர்ந்த நைட்ரஜனால் நிரப்பவோ வெற்றிடமாக்கவோ வேண்டும்; இல்லாவிட்டால் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கோட்டில் முள் முள்ளாக நிற்கும்.

அடுத்தது வெற்றிட அறை. பம்பை மெதுவாகத் திறங்கள். துகள்களுக்கிடையே சிக்கிய காற்று ஒரே நேரத்தில் வெளியேறினால் பொடி ஊற்று போலப் பீறிட்டு, அறையின் சன்னல் வரை தெறிக்கும். நுண்பொடியாக இருந்தால் இந்தக் கட்டத்தில் அவசரமே கூடாது. பிறகு படிப்படியாகச் சூடாக்குங்கள்: 100, 200, 300, கடைசியில் 430 டிகிரி செல்சியஸ். புதனின் பகல் பக்கம் எட்டுவது கிட்டத்தட்ட இந்தச் சூட்டைத்தான். ஒவ்வொரு படியிலும் வெப்பம் நிலைபெற்ற பிறகே அளவெடுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெற்றிடத்தில் துகள்களுக்கிடையே வெப்பத்தைக் கடத்தக் காற்று இல்லை. கிண்ணத்தை அடியிலிருந்து சூடாக்கினால் அடியில் ஒரு வெப்பமும் மேல்பரப்பில் அதைவிடக் குறைந்த வெப்பமுமாக இருக்கும். தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) பொடிக்குள் புதைத்து வைத்து, அது காட்டும் எண்ணை மேற்பரப்பின் வெப்பமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முனை மேற்பரப்பை ஒட்டி இருக்கட்டும்; அடியில் இன்னொன்று இருக்கட்டும்; இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

பொடி உமிழ்வதை மட்டும் கருவி பார்ப்பதில்லை. அறைச் சுவரும், கண்ணாடிகளும், கருவியின் உடலும்கூட அகச்சிவப்பை உமிழ்கின்றன. இரண்டு வெவ்வேறு வெப்பங்களில் ஒரு கரும்பொருளை (தன் வெப்பத்துக்கு முடிந்த அளவு முழுக்க உமிழும் பொருள்) அளந்தால், கருவியின் உணர்திறனையும் அதன் சொந்த உமிழ்வையும் தனித்தனியே பிரித்தெடுக்கலாம். அதைக் கழித்து, பொடியின் மேற்பரப்பு வெப்பத்துக்கான பிளாங்க் வளைவால் (அதே வெப்பத்தில் கரும்பொருள் உமிழ்வது) வகுத்தால் உமிழ்திறன் கிடைக்கும்.

கோட்டைப் படிக்கும்போது முதலில் கிறிஸ்டியன்சன் உச்சியைத் தேடுங்கள். உமிழ்திறன் மிக அதிகமாக இருக்கும் இடம் அது. சிலிக்கா நிறைந்த ஃபெல்ட்ஸ்பாருக்கு 8 மைக்ரானுக்குச் சற்றுக் கீழேயும், ஒலிவினுக்கு 9 மைக்ரானை நெருங்கியும் வரும். எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம். மற்ற அம்சங்களைவிடத் துகள் அளவுக்கு இது குறைவாகவே ஆட்டம் காணும். அதற்கு அடுத்து வரும் பள்ளங்கள் நுண்பொடியில் ஆழம் குறைந்து போகும். 11 முதல் 13 மைக்ரான் வாக்கில் கரடான பொடியில் இல்லாத புதுப் பள்ளம் ஒன்றும் தலைகாட்டும். அதைப் புதிய கனிமம் என்று கொண்டாடிவிடாதீர்கள்.

சூடு ஏற ஏற ஃபார்ஸ்டரைட்டின் பள்ளங்கள் நீண்ட அலைநீளம் பக்கம் நகரும். ஒலிவினில் இரும்பு கூடினாலும் அதே திசையில்தான் நகரும். அறை வெப்பத்தில் எடுத்த நூலக நிறமாலையை வைத்துக்கொண்டு 430 டிகிரித் தரையைப் படித்தால், இல்லாத இரும்பை இருப்பதாகச் சொல்ல நேரிடும். இவ்வளவு சிரமப்பட்டு வெற்றிடத்தில் சூடாக்குவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கலவைகளுக்கு ஒரு சோதனை: தனிக் கனிமங்களின் உமிழ்திறனை விகிதப்படி கூட்டி, அளந்ததோடு ஒப்பிடுங்கள். கரடான பொடியில் ஓரளவு ஒத்துவரும். நுண்பொடியிலும், கிராஃபைட் சேர்ந்த கலவையிலும் ஒத்துவராமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள்; அங்கே ஒளி ஒரு துகளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி வருகிறது.

ஆறிய பிறகு அதே பொடியின் எதிரொளிப்பை மறுபடி எடுங்கள். சல்ஃபைடுகளில் இதைத் தவறவே விடாதீர்கள். புதனின் தரையில் பளிச்சென்று தெரியும் குழிப்பள்ளங்கள் எளிதில் ஆவியாகும் பொருள் வெளியேறி உருவானவை என்று கருதப்படுகிறது. அந்தப் பொருளாகச் சந்தேகிக்கப்படுபவற்றில் சல்ஃபைடும் ஒன்று. சூடாக்கும் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் அங்கே நேரடியாகப் பயன்படும். ஒரு சிட்டிகையை எக்ஸ்ரே சோதனைக்கும் திரும்ப அனுப்புங்கள்.

கோப்பில் இவை இருக்க வேண்டும்: கனிமம் எங்கிருந்து வந்தது, எப்படி அரைத்தது, கழுவியதா, காய வைத்த வெப்பம், கையுறைப் பெட்டியை விட்டு வெளியே இருந்த நேரம், இரண்டு தெர்மோகப்பிள் அளவுகளும், இந்தப் பொடி முன்பு எத்தனை முறை சூடானது என்பதும். மீதமுள்ள பொடியைச் சீல் வைத்த குப்பியில், சூடானது, சூடாகாதது என்று தனித்தனியாக எடுத்து வையுங்கள். இரண்டையும் ஒரே குப்பியில் கொட்டி வைப்பவர்களிடம் நான் கொஞ்சம் சத்தமாகவே பேசுவேன்.