“கொஞ்சம் இறக்குங்க” என்றால்

ஒத்திகை முடிய அரை மணி நேரம் இருக்கும்போதுதான் இந்தக் குரல் வரும்: “அண்ணே, மேலே எட்டலை. கொஞ்சம் இறக்குங்க.” சபைப் பாடகர் குழுவில் பல வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். பாட்டின் சுருதியைத் தன் குரலுக்கு ஏற்றபடி கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று எந்தப் பாடகரும் சொன்னதில்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போன கிறிஸ்துமஸில் நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். டி மேஜரில், அதாவது 2 கட்டையில் (சி-யை 1 என்று வைத்து எண்ணும் சுருதிக் கணக்கு), ஒரு தம்பி பாட வேண்டிய பாட்டு. அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பதிலுக்கு வந்த அக்காவுக்குக் கீழே நன்றாக இறங்கும், மேலே போனால் திணறும். ஸ்கேலை (பாட்டு எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து நிற்கிறது என்பதை) யோசிக்கும் முன் பாட்டில் வரும் உச்ச ஸ்வரத்தைப் பாருங்கள். இந்தப் பாட்டில் அது எஃப் ஷார்ப். அந்த ஒரு வரியை மட்டும் பாடச் சொல்லி, அரை அரை ஸ்வரமாக (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எதையும் விடாமல் அடுத்தடுத்த கட்டையாக) இறக்கிக்கொண்டே வந்தேன். டி-க்கு வந்ததும் கத்தாமல் பாடினார். எஃப் ஷார்ப்பில் இருந்து டி வரை எண்ணினால் நாலு அரை ஸ்வரம். அப்படியென்றால் பாட்டு முழுவதும் நாலு இறங்க வேண்டும்: டி, பி ஃப்ளாட் ஆகும். கட்டைக் கணக்கில் ஆறரை. (எண் பெரிதாகிறதே என்று குழம்ப வேண்டாம், இது கீழ் ஸ்தாயி ஆறரை. எண்ணும்போது இன்னொன்று: மூன்றரை, ஏழரை என்று கட்டையே கிடையாது. இ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும், பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை இல்லை. புதிதாகக் கற்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.)

அடுத்தது கார்டு, அதாவது பாட்டுக்குப் பின்னால் சேர்த்துப் பிடிக்கும் ஸ்வரக் கூட்டு. ஒவ்வொரு கார்டையும் நாலு நாலாக எண்ணி இறக்கலாம். ஆனால் பத்தாவது கார்டில் நிச்சயம் தப்பு வரும். நான் எழுத்தை விட்டுவிட்டு எண்ணில் யோசிப்பேன். டி, ஜி, ஏ, பி மைனர் என்பது டி ஸ்கேலில் 1, 4, 5, 6. பி ஃப்ளாட் ஸ்கேலில் அதே 1, 4, 5, 6 எது? பி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப், ஜி மைனர். அவ்வளவுதான். மேஜர், மைனர், செவன்த் எதுவும் மாறாது. ஏ செவன்த் எஃப் செவன்த் ஆகும். ஸ்கேலுக்கு வெளியே இருந்து ஒரு இ மேஜர் வந்தால் அது ‘2, ஆனால் மேஜர்’. இங்கே சி மேஜர். பேஸ் ஸ்வரம் (அடியில் ஒலிக்கும் ஸ்வரம்) தனியாக எழுதிய கார்டுகளில் கவனம் வேண்டும். எஃப் ஷார்ப் பேஸோடு வரும் டி, டி பேஸோடு வரும் பி ஃப்ளாட் ஆக வேண்டும். மேலே உள்ளதை மாற்றிவிட்டுக் கீழே இருப்பதை அப்படியே விட்டுவிடுபவர்கள் நிறைய. முன்பு நானும்தான்.

கிடார்காரருக்குப் பி ஃப்ளாட் என்றாலே முகம் சுருங்கும். கேப்போவை (கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மூன்றாவது ஃபிரெட்டில் மாட்டி ஜி, சி, டி, இ மைனர் பிடிக்கச் சொல்லுங்கள், வேலை முடிந்தது. தபலாவைத்தான் நாலு அரை ஸ்வரம் இறக்க முடியாது. ஆனால் டி-யில் கட்டிய தபலாவை அரை ஸ்வரம் மட்டும் ஏற்றினால் இ ஃப்ளாட். பி ஃப்ளாட்டுக்கு அது மத்தியமம் (நாலாவது ஸ்வரமான ‘ம’), பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். சுத்தியலால் நாலு தட்டு போதும்.

ஊதுகிறவர்களிடம்தான் நான் அவமானப்பட்டிருக்கிறேன். டிரம்பெட் பி ஃப்ளாட் கருவி. அவர் சி என்று பார்த்து ஊதினால் நமக்குக் கேட்பது பி ஃப்ளாட். அதனால் அவர் தாளில் எல்லாவற்றையும் இரண்டு அரை ஸ்வரம் ஏற்றி எழுத வேண்டும். டெனர் சாக்ஸபோனுக்கும் அதே தாளைக் கொடுக்கலாம், ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஆல்ட்டோ சாக்ஸபோன் இ ஃப்ளாட் கருவி. அதற்கு ஒன்பது ஏற்ற வேண்டும். மேலே போய் முட்டினால் மூன்று இறக்கி எழுதுங்கள், ஒரு ஸ்தாயி கீழே கேட்கும், பரவாயில்லை. ஒரு தடவை அவசரத்தில் டிரம்பெட் தாளையே ஆல்ட்டோவுக்கும் கொடுத்துவிட்டேன். பல்லவி முழுவதும் டிரம்பெட்டுக்கு ஏழு அரை ஸ்வரம் கீழே அது தனியாக ஓடியது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “செகண்ட் பார்ட் போட்டியா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எழுதும்போது இ ஃப்ளாட்டை டி ஷார்ப் என்று எழுதாதீர்கள். கீபோர்டில் இரண்டும் ஒரே கட்டைதான், ஆனால் தாளைப் பார்த்து ஊதுகிறவர் ஒரு நொடி தயங்குவார், அந்த நொடியில் பாட்டு போய்விடும்.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். மைனஸ் நாலு வைத்து டி-யிலேயே வாசிக்கலாம், நானும் செய்கிறேன். இரண்டு தொல்லை உண்டு. என் விரலைப் பார்த்துக் கார்டு பிடிக்கும் பேஸ் கிடார் பையன் டி-யிலேயே வாசிப்பான். அடுத்த பாட்டுக்கு அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்தால் சபையே திரும்பிப் பார்க்கும். அதனால் கீபோர்டின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்: ‘பூஜ்யமா?’

அன்றைக்கு எல்லாம் எழுதி முடித்ததும் அக்கா மறுபடியும், “இன்னும் அரைக் கட்டை இறக்கலாமா?” என்றார். பி ஃப்ளாட் என்றால் டிரம்பெட்டுக்குச் சி, ஆல்ட்டோவுக்கு ஜி, இருவருக்கும் சுகம். ஏ-க்குப் போனால் டிரம்பெட்டுக்குப் பி மேஜர், ஐந்து ஷார்ப். ஆல்ட்டோவுக்கு எஃப் ஷார்ப், ஆறு ஷார்ப். டிரம்பெட் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் தெரிந்தது. அக்காவுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கிக் கொடுத்தோம். பி ஃப்ளாட்டிலேயே பாடினார்.